இரவலில் இருவகை: ஸ்டாண்டர்ட் 2000, லக்ஸ் ஏ2.0

தூத்துக்குடி சில்லாநத்தத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்ட் 4ஆம் நாள் தன் கார்த் தொழிற்சாலையைத் திறந்தது. அன்றிலிருந்து நண்பர்கள் கூடுமிடமெல்லாம் ஒரு வாதம் கிளம்பிவிடுகிறது. தமிழ்நாடு காருக்குப் புதிய மாநிலமா என்ன? 1985லேயே சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற சொகுசு காரைச் செய்து காட்டியவர்கள் நாம். நேற்று முளைத்த வியட்நாம்காரர்கள் பிஎம்டபிள்யூவின் பழைய உடுப்பை விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு லக்ஸ் ஏ2.0 என்று ஒரு செடானைச் செய்தார்கள். மூன்றே வருடத்தில் அதையும் மூட்டை கட்டினார்கள். அவர்கள் வந்தா நமக்குக் கார் கற்றுத்தர வேண்டும்? இது ஒரு கட்சி. மறு கட்சி, முதலீடு வந்துவிட்டது, வேலை வந்துவிட்டது, உலக வரைபடத்தில் முத்துநகர் ஏறிவிட்டது, இனி வாயை மூடிக்கொண்டிரு என்கிறது.

முதல் கட்சியினர் சொல்லும் வரலாறு தவறு. இரண்டாம் கட்சியினருக்கு வரலாறே தேவைப்படவில்லை. இரண்டையும் மறுத்து எழுதவேண்டியிருக்கிறது. இலக்கியம் பேசும் இடத்தில் இயந்திரம் எதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறோம்: மொழிபெயர்ப்பு, தழுவல், திருட்டு ஆகிய மூன்றையும் பற்றி வருடக்கணக்காகச் சண்டையிட்டு வருகிறவர்கள் நாம். இந்த இரண்டு கார்களின் கதையும் அதே சண்டைதான்.

முதலில் பெயர் விவகாரம். தென்மாவட்டங்களில் முன்தலைமுறையினர் சொந்தக் காருக்கு வைத்திருந்த சொல் 'பிளசர்'. லாரியும் பஸ்ஸும் பிழைப்புக்கு ஓடுகிறவை. இது இன்பத்துக்கு ஓடுவது. செடான் என்றும் சொகுசு என்றும் இன்றைய விளம்பரங்கள் இரண்டு சொல்லில் சொல்வதை அவர்கள் ஒன்றில் முடித்தார்கள். நாம் பேசவந்த இரண்டும் அந்தப் பொருளில் அசல் பிளசர்கள். கறாராகப் பார்த்தால் ஸ்டாண்டர்ட் 2000 செடானே அன்று. அதன் பின்புறம் கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் கதவு. ஆனாலும் அன்றைய விலைப்பட்டியலில் அது உட்கார்ந்த இடம் பெரிய செடானின் இடம், அதை வாங்கியவர்களும் அப்படித்தான் வாங்கினார்கள் என்பதால் அந்த வழக்கை விட்டுவிடுவோம்.

ஸ்டாண்டர்ட் 2000 வெளியே இருந்து பார்க்க அபாரமான கார். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அந்த உடல் ரோவர் எஸ்டி1 என்ற ஆங்கிலக் காருடையது. 1976ல் அது வெளிவந்தபோது டேவிட் பேஷ் வரைந்த அந்தத் தாழ்ந்த மூக்கையும் நீண்ட பக்கவாட்டுக் கோட்டையும் பார்த்து, இது ஃபெராரியிடமிருந்து கற்றது என்று எல்லோரும் சொன்னார்கள். ஐரோப்பாவின் 1977ஆம் ஆண்டுக் கார் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது. எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின். இங்கிலாந்தில் காவல்துறையினர் அதை விரும்பி ஓட்டினார்கள். அம்பாசிடரும் பத்மினியும் மட்டுமே தெரிந்த நம் தெருக்களில் அந்த உருவம் வந்து நின்றபோது ஜனங்கள் சுற்றி நின்று பார்த்ததில் வியப்பில்லை.

மூடியைத் திறந்தால்தான் சங்கடம். அந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் அங்கே இல்லை. அதன் இடத்தில் 1991 சிசி கொள்ளளவுள்ள நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் பூர்வீகம் 1940களின் இறுதியில் வந்த ஸ்டாண்டர்ட் வான்கார்டு. ஃபெர்குசன் டிராக்டரை உழவைத்ததும் அதே குடும்பத்து எஞ்சின்தான். எண்பத்துச் சொச்சம் குதிரைத்திறன், நாலே கியர். நம் சாலைகளுக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டியிருந்தார்கள். தாழ்ந்து பாயவேண்டிய மிருகத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தியது போலிருந்தது. பெட்ரோலையோ அது மிடறு மிடறாகக் குடித்தது. அதே காலத்தில் சாலைக்கு வந்துவிட்ட மாருதி 800, சின்ன வண்டியானாலும், ஓட்டுகிறவரைப் பிச்சைக்காரராக்கவில்லை. 1988ல் கதை முடிந்தது. தொழிற்சாலை வளாகம் 2006ல் ஏலத்துக்குப் போயிற்று. மிஞ்சிக்கிடந்த ரோவர் உதிரிபாகங்களை இங்கிலாந்து உதிரிபாக நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டு போனது. இரவல் வாங்கிய சட்டையின் பொத்தான்கள்கூடக் கடைசியில் கொடுத்தவர் ஊருக்கே திரும்பின.

இதை ஒரு நிறுவனத்தின் மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அந்த வருடங்களின் பெரிய கார்கள் எல்லாவற்றுக்கும் இதே ஜாதகம். 1984ல் வந்த கான்டஸ்ஸாவின் உடல் இங்கிலாந்தில் காலாவதியான வாக்ஸாலுடையது, எஞ்சின் அம்பாசிடருடையது. பிரீமியர் 118 என்இயின் உடல் ஃபியட் 124ன் வழிவந்தது, எஞ்சின் நிசானுடையது. உடம்பு ஒரு தேசம், உயிர் இன்னொரு தேசம். உரிமம், ஒதுக்கீடு, அந்நியச் செலாவணி என்று டில்லியில் எழுதப்பட்ட விதிகளுக்குள் கிடைத்ததை எல்லாம் ஒட்டிப் பிழைப்பு நடத்திய காலம் அது. வாங்குகிறவருக்கு வேறு போக்கிடம் இல்லை. விற்கிறவருக்குக் கற்றாகவேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் எங்களுக்கு உறுத்துவது வேறொன்று. 1948ல் சென்னையில் தொடங்கிய அதே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், ஒரு காலத்தில் இதைவிட நன்றாகவே இரவல் வாங்கத் தெரிந்த நிறுவனம். 1961லிருந்து அவர்கள் செய்த ஹெரால்டு இங்கிலாந்து டிரயம்ஃபின் கார். அதன் மூல வடிவத்துக்கு இரண்டே கதவு. நம் குடும்பங்கள் இரண்டு கதவுக்குள் எப்படி அடங்கும்? பின்னிருக்கையில் பாட்டி ஏறவேண்டும், முன்னிருக்கையை மடக்கினால் மருமகள் இறங்கவேண்டும். ஆகவே 1960களின் பிற்பாதியில் அவர்கள் நாலு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத ஹெரால்டு அது. 1972ல் வந்த கெஸல் இன்னும் ஒரு படி போனது. மூலக் காரின் பின்சக்கர அமைப்பு நம் ரோடுகளில் படுத்திய பாட்டைக் கண்டு, அதை எடுத்துவிட்டு ஒரே தண்டான பின் அச்சைப் போட்டார்கள். அழகான கார் என்று சொல்லமாட்டோம். எங்கள் கண்ணுக்கு அதன் முகம் கொஞ்சம் அசடு வழிகிறது. இருந்தாலும் ஒரு பொறியாளர் கூட்டம் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, 'இது இங்கே சரிவராது, இப்படி மாற்று' என்று முடிவெடுத்த தடம் அதில் இருக்கிறது. தழுவல் என்பது அதுதானே?

கெஸல் 1977ல் நின்றது. அதற்குப்பின் 1985 வரை அந்த நிறுவனம் வேன் போன்ற வணிக வண்டிகளை மட்டுமே செய்தது. எட்டு வருடம் கார் செய்யாத கைகள்! ஒரு மிருதங்கக்காரர் எட்டு வருடம் வாசிக்காமலிருந்துவிட்டுத் திடீரென்று சபையில் பல்லவிக்கு உட்கார்ந்தது போல ரோவரின் முன் அவர்கள் உட்காரவேண்டி வந்தது. ஸ்டாண்டர்ட் 2000ஐ நமது திறமையின் சிகரம் என்று இன்று விதந்தோதுகிறவர்கள், உண்மையான திறமை இருந்த நாலு கதவு ஹெரால்டை மறந்துவிட்டு, அது தீர்ந்துபோன இடத்தில் மாலை போடுகிறார்கள்.

இனி லக்ஸ் ஏ2.0. வின்ஃபாஸ்ட் 2017ல் தொடங்கியது. அதன் முதலாளி ஃபாம் நியாட் வூங் உக்ரைனில் பாக்கெட் நூடுல்ஸ் விற்றுப் பணம் சேர்த்தவர். பின் சொந்த நாட்டில் நிலமும் கட்டடமும். கார் பற்றி அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவர்கள் செய்தது இது. பிஎம்டபிள்யூவிடம் போய், ஒரு தலைமுறை பின்தங்கிவிட்ட 5 சீரிஸ் காரின் அடித்தளத்தை உரிமத்தோடு வாங்கினார்கள். எஃப்10 என்பது அந்தத் தலைமுறையின் பெயர். ஜெர்மானியர்களுக்குப் பழையது என்பதால் விற்க மனமிருந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர்களிடம் படங்கள் வரையச்சொல்லி, சொந்த நாட்டு ஜனங்களை வாக்களிக்க வைத்துத் தேர்ந்தார்கள். பினின்ஃபரீனா அதற்கு மெருகேற்றியது. பொறியியலுக்கு ஆஸ்திரியாவின் மேக்னா ஸ்டையர், எஞ்சினுக்கு அதே நாட்டின் ஏவிஎல், எட்டு கியர் பெட்டிக்கு ஜெர்மனியின் இசட்எஃப். 2018 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் காரை நிறுத்தினார்கள். ஹைஃபோங் தொழிற்சாலை அடிக்கல் நாட்டி 21 மாதங்களில், 2019 ஜூனில், திறந்தது. அந்த வருடமே ஆசியான் விபத்துச் சோதனையில் லக்ஸ் ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

அதன் எஞ்சினும் இரண்டு லிட்டர்தான் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அளவில் நம் ஸ்டாண்டர்டுக்கும் அதற்கும் வித்தியாசம் அநேகமாக இல்லை. பலத்தில்தான் இருக்கிறது: சாதாரண வகைக்கு 174 குதிரைத்திறன், உயர்வகைக்கு 228. இடையில் கடந்த முப்பத்துச் சொச்சம் வருடங்களும் டர்போவும் இந்தக் கணக்கில் உண்டு, ஆகவே எண்ணை எண்ணோடு மோதவிட்டு வெற்றி கொண்டாடும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. பார்க்கவேண்டியது பொருத்தம். லக்ஸில் உடம்பும் எஞ்சினும் ஒரே வீட்டிலிருந்து, ஒன்றுக்காக ஒன்று என்று செய்யப்பட்டு வந்தவை. வாங்கும்போதே முழு வாக்கியமாக வாங்கினார்கள். நாம் எழுவாயை இங்கிலாந்திலும் பயனிலையைப் பழைய கிடங்கிலும் எடுத்தோம்.

மூன்று வருடத்தில் மூட்டை கட்டினார்கள் என்கிறார்களே, அதுவும் உண்மைதான். 2022ல் வின்ஃபாஸ்ட் பெட்ரோல் கார்களை அடியோடு நிறுத்தி மின்கார்களுக்கு மாறியது. லக்ஸும் அதோடு போயிற்று. எங்கள் கட்சி என்னவென்றால், லக்ஸ் பிறந்ததே பள்ளிக்கூடமாகத்தான். உடல் தகடு அழுத்தும் பட்டறை, வெல்டிங், பெயின்ட், தரச்சோதனை, ஐந்து நட்சத்திரம் வாங்கும் வித்தை ஆகிய இவற்றையெல்லாம் ஒரு நாடு தன் மண்ணில், தன் பெயர் பொறித்த வண்டியில் கற்றுக்கொள்ள அந்த செடான் சாக்கு. கற்றவர்கள் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். ஸ்டாண்டர்ட் 2000 நின்றபோது அதிலிருந்து யாரும் எந்த வகுப்புக்கும் போகவில்லை.

'இருந்தாலும் காப்பிதானே' என்பவர்களுக்கு ஒரு சிறு வம்சாவளி. அந்த பிஎம்டபிள்யூ செய்த முதல் கார் 1928ல் அவர்கள் கைக்கு வந்த டிக்ஸி. அது இங்கிலாந்தின் ஆஸ்டின் செவனை உரிமம் வாங்கிச் செய்த கார். ஜப்பானின் நிசான் 1950களில் ஆஸ்டினுக்குத்தான் உரிமம் எழுதிக்கொடுத்துத் தொழில் கற்றது. அசல் என்று நம்மவர்கள் கும்பிடும் ரோவர் எஸ்டி1ன் எட்டு சிலிண்டர் எஞ்சினே அமெரிக்க ப்யூக் வேண்டாமென்று கைவிட, ரோவர் உரிமை வாங்கிக்கொண்டது. கொரியாவின் ஹூண்டாய் 1968ல் ஃபோர்டு கார்ட்டினாவைப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி. சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்று தோன்றியபோது 1974ல் அவர்கள் இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் டர்ன்புல் என்ற நிர்வாகியைச் சம்பளத்துக்கு அழைத்தார்கள். ஜுஜாரோவிடம் வடிவம், மிட்சுபிஷியிடம் எஞ்சின். அப்படி வந்தது போனி. அந்த டர்ன்புல் எந்த நிறுவனத்திலிருந்து வந்தவர் தெரியுமா? எஸ்டி1ஐப் பெற்ற அதே பிரிட்டிஷ் லேலண்ட். ஒரே வீட்டு வாசலில் இரண்டு பேர் போய் நின்றிருக்கிறோம். கொரியர்கள் செய்யத் தெரிந்த ஆளை அழைத்து வந்தார்கள், பத்து வருடம் கழித்துப் போன நாம் அவர் விட்டுப்போன வீட்டின் தகரத்தை வாங்கி வந்தோம். இன்று இருங்காட்டுக்கோட்டையில் யார் முதலாளி, யார் தொழிலாளி என்பது ஊரறிந்தது.

(ரோவரை 1994ல் பிஎம்டபிள்யூ வாங்கி 2000ல் கைகழுவியதும், அந்த ரோவர் என்ற வெறும் பெயர் ஃபோர்டு வழியாக 2008ல் டாடாவிடம் வந்துசேர்ந்ததும் தனிக்கதை. ஒரு காலத்தில் நாம் இரவல் கேட்ட வீட்டின் பெயர்ப்பலகை இப்போது இந்தியரிடம். பலகைதான்.)

நெஞ்சில் தைக்கும் செய்திக்கு இப்போது வருகிறோம். பிஎம்டபிள்யூ 2007ல் செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா சிட்டியில் தொழிற்சாலை திறந்தது. 3 சீரிஸும் 5 சீரிஸும் அங்கே பூட்டப்பட்டன. 2010லிருந்து அங்கே பூட்டப்பட்ட 5 சீரிஸ், எஃப்10. ஆம், வியட்நாம் பின்னர் உரிமம் வாங்கிய அதே கார்! லக்ஸ் ஏ2.0 ஒரு காகிதத்தில் கோடாகக்கூட இல்லாத காலத்தில், அதன் எலும்புக்கூட்டை நம் பையன்கள் ஆண்டுக்கணக்காகக் கையால் தொட்டு, போல்ட் முறுக்கி, சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2015ல் சச்சின் டெண்டுல்கரைக்கூட அழைத்துவந்து ஒரு கார் பூட்டவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். எஃப்10ஐ ஹைஃபோங்கைவிடச் செங்கல்பட்டுக்குத்தான் முதலில் தெரியும். அந்த அறிமுகத்திலிருந்து அவர்களுக்கு ஒரு கார் நிறுவனம் முளைத்தது, நமக்கு ஷிஃப்ட் அலவன்ஸ் வந்தது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபம். நம் பொறியாளர்கள் போல்ட் மட்டுமா முறுக்குகிறார்கள்? அதே மகேந்திரா சிட்டியில் ரெனோ நிசானின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. சோழிங்கநல்லூரில் ஃபோர்டுக்காக ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். கார்களின் பாதி மூளை இங்கேதான் என்றுகூடச் சொல்லலாம். சரி. ஆனால் எந்தக் காரைச் செய்வது, எதை நிறுத்துவது, எதை எந்த ஊரில் மூடுவது என்ற முடிவு அந்த மூளையிடம் இல்லை. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022 ஜூலையில் கடைசிக் கார் இறங்கியது. நன்றாகச் செய்தவர்கள், உலகமெங்கும் ஏற்றுமதி செய்தவர்கள். அமெரிக்காவில் ஒரு மேசையில் முடிவாயிற்று, இங்கே பூட்டு விழுந்தது. அதே 2022ல் வின்ஃபாஸ்ட் லக்ஸை நிறுத்தியது என்றால் அதை நிறுத்தியது அதைச் செய்தவர்களே.

நமக்கும் சரியாக வாங்கத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. சின்னதாக, ஆனால் கெட்டியாக. 1990களின் தொடக்கத்தில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி செய்யும் எந்திர வரிசையை அப்படியே வாங்கிப் பெயர்த்துத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. பின்பு அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கே மூடி செய்து அனுப்பி, ஆண்டுதோறும் சிறந்த சப்ளையர் விருது வாங்கியது. ஒரு மூடி! எஸ்டி1ன் ஒய்யாரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. எங்களுக்கு ஸ்டாண்டர்ட் 2000ஐவிட அந்த மூடியின் மேல்தான் மரியாதை.

இந்த வாதத்தை வேறெங்கும் நடத்தலாம். தூத்துக்குடியில் நடத்துவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. இந்தக் கடற்கரைக்கு, பிறருக்காக உழைக்கும் நிபுணத்துவம் என்றால் என்னவென்று தெரியும். மன்னார் வளைகுடாவின் பாரில் மூச்சடக்கி முத்தெடுக்கத் தெரிந்தவர்கள் பரதவர்கள். எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது, நீரோட்டம் எந்நேரம் திரும்பும் என்பதெல்லாம் அவர்கள் அறிவு. சலாபம் எப்போது நடக்கும், எவ்வளவு நாள் நடக்கும் என்பதைத் தீர்மானித்தவர்கள் போர்ச்சுகீசியர்கள், 1658லிருந்து டச்சுக்காரர்கள், அதன்பின் ஆங்கிலேயர்கள். ஆங்கிலேயர் காலத்துச் சலாபங்களில் கரைக்கு வந்த சிப்பி மூன்று பங்காகும். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு கடலில் குதித்தவருக்கு. உலகத்திலேயே அந்த வேலையை அவர்களைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை என்பதும் உண்மை, அந்தக் கணக்கு அப்படித்தான் இருந்தது என்பதும் உண்மை. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய சலாபங்கள் 1961ல் முடிந்தன.

அதே கரையில் 1973 ஜூலையில், வேப்பலோடையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமியும் உடன் உழைத்தவர்களும் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஜப்பானியர்கள் நெடுங்காலமாகக் காத்துவந்த வித்தை அது. அவர்கள் அதை வெளியாருக்குச் சொல்லிக்கொடுக்கிற வழக்கமில்லை. யாரும் இரவல் தராததை இங்கேயே கண்டறிந்தார்கள். ஆனால் ஜப்பானில் அது ஊர் ஊராகத் தொழிலாயிற்று. இங்கே அது அந்த அளவுக்கு வளரவில்லை. அறிவு கைக்கு வந்தபின் அதைத் தொழிலாக்க வேண்டிய முதலும் பொறுமையும் பின்னால் வரவில்லை. கற்கத் தெரியாத ஊர் என்று தூத்துக்குடியை யாரும் சொல்லமுடியாது என்பதற்காகவே இதை நினைவுபடுத்துகிறோம்.

வ.உ.சி.யை இந்த இடத்தில் இழுக்காமல் இருக்கமுடியவில்லை. சுதேசிக் கப்பல் கம்பெனியை அவர் 1906ல் தொடங்கினார். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற அதன் இரண்டு கப்பல்களும் பிரான்சில் விலைக்கு வாங்கியவை. தூத்துக்குடியில் கட்டியவை அல்ல! சுதேசி என்றால் ஆணி முதல் நம்முடையதாக இருக்கவேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வாங்கினார், கொழும்புக்கு ஓட்டினார், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டமாக்கிப் போட்டியிட்டபோதும் எதிர்த்து நின்றார். 1908ல் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள், 1911ல் கம்பெனி கலைந்தது. பாகம் எங்கே பூட்டப்பட்டது என்ற கேள்வியை அவர் கேட்கவேயில்லை, வழித்தடம் யாருடையது என்று கேட்டார். ரோவரின் தகரத்தில் சுதேசி பெருமை காண்கிறவர்கள் அதே ஊரின் துறைமுகம் 2011லிருந்து யார் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது இரண்டாம் கட்சியினரிடம். வின்ஃபாஸ்டை நாங்கள் தூக்கிவைத்து ஆடவில்லை. அந்த நிறுவனம் தொடர்ந்து நட்டத்தில் ஓடுகிறது. தாய் நிறுவனமும் முதலாளியின் சொந்தப் பணமும்தான் அதைத் தாங்குகின்றன. 2023ல் அது விற்ற கார்களில் பெரும்பகுதியை வாங்கியது அதே முதலாளியின் டாக்ஸி கம்பெனி. அமெரிக்காவுக்கு அனுப்பிய விஎஃப் 8 காரை அங்குள்ள விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள். முதல் தவணையாகப் போன 999 கார்களும் திரையில் கோளாறு என்று திரும்ப அழைக்கப்பட்டன. வட கரோலினாவில் எழுப்புவதாகச் சொன்ன தொழிற்சாலை 2028க்குத் தள்ளிப்போயிற்று. நன்றாகக் கற்கிற மாணவன் எல்லாப் பரீட்சையிலும் தேறுவான் என்று உத்தரவாதம் இல்லை. தூத்துக்குடி ஆலை அடிக்கல் நாட்டி ஒன்றரை வருடத்துக்குள் திறந்தது என்பது அவர்களுடைய வேகத்துக்குச் சான்று. நிலைப்புக்குச் சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

400 ஏக்கர், முதல் ஐந்து வருடத்துக்கு 50 கோடி டாலர், ஆண்டுக்கு 50,000 கார்களில் தொடங்கி 1,50,000 வரை, 3,000க்கு மேற்பட்ட வேலைகள் என்பவை அறிவிப்பில் கண்ட எண்கள். வெறுக்கத்தக்க எண்கள் அல்ல. உப்பளத்தில் வெயிலில் நின்ற குடும்பத்துப் பிள்ளை குளிர்சாதனக் கூடத்தில் சீருடையோடு நிற்பதை ஏளனம் செய்ய எங்களுக்கு வாய் வராது. ஆனால் அங்கே இப்போது நடப்பது என்ன? விஎஃப் 6, விஎஃப் 7 கார்களின் பாகங்கள் கடல் கடந்து வருகின்றன, சில்லாநத்தத்தில் பூட்டப்படுகின்றன. 2010ல் செங்கல்பட்டில் எஃப்10க்கு நடந்ததுதான் இது. உரிமம் கொடுத்த வீடு மட்டும் மாறியிருக்கிறது. அன்று ஜெர்மானியர்களிடம் படித்தவர்கள் இன்று நம்மிடம் ஆசிரியராக வந்திருக்கிறார்களா, கங்காணியாக வந்திருக்கிறார்களா?

அதைத் தீர்மானிப்பது அவர்கள் மட்டுமல்ல, நிலமும் சலுகையும் கொடுக்கிற அரசும்தான். லக்ஸை முன்னிறுத்தி வியட்நாம் எதைக் கேட்டு வாங்கியதோ அதை வியட்நாமிடம் கேட்பதில் நாம் ஏன் கூசவேண்டும்? அச்சுகள் செய்யும் கருவிப்பட்டறை இங்கே வருமா? நம் உப்புக்காற்றில் உடல் துருப்பிடிப்பதையும், நம் மே மாதத்தில் பேட்டரி சூடேறுவதையும் சோதித்து வடிவத்தை மாற்றும் அதிகாரம் தூத்துக்குடிப் பொறியாளருக்கு உண்டா, அல்லது அவர் ஹைஃபோங்குக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்கவேண்டுமா? பாட்டி ஏற வசதியில்லை என்று கதவை மாற்றிய ஹெரால்டுக்காரர்களின் உரிமை இவர்களுக்குக் கிடைக்குமா? வ.உ.சி. பெயரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி ஒன்று இதே ஊரில் இருக்கிறது. அதன் மாணவர்கள் அந்த ஆலைக்குள் சுற்றுலா போவார்களா, ஆராய்ச்சிக்குப் போவார்களா? மதுரையிலும் கோவையிலும் உள்ள உதிரிபாகக்காரர்களில் எத்தனை பேரிடம் கொள்முதல் நடக்கிறது என்ற கணக்கு ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கப்படுமா?

கேள்வி கேட்டால் முதலீடு ஓடிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள், கேள்விகளைக் காலாகாலத்தில் கேட்க விடாத இன்னொரு ஆலையின் கதை இந்த ஊரில் 2018 மே மாதம் துப்பாக்கிச்சூட்டிலும் பதின்மூன்று சாவிலும் போய் முடிந்ததை நினைவில் வைத்திருக்கவேண்டும். அந்த ஆலையையும் இதையும் நாங்கள் ஒன்றாக்கவில்லை. ஒன்று தாமிரத்தை உருக்கியது, மற்றது காரைப் பூட்டுகிறது. ஊர்க்காரர்களிடம் பேசவேண்டிய காலம் எது என்பதில் மட்டும் இரண்டுக்கும் ஒரே விதி.

முதல் கட்சியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இதன் கைப்பிரதியைப் படித்துவிட்டு, அப்படியானால் ஸ்டாண்டர்ட் 2000ல் ரசிக்க எதுவுமே இல்லையா என்று வருத்தத்தோடு கேட்டார். இருக்கிறது. அந்தப் பக்கவாட்டுக் கோடு இன்றும் அழகு. பழைய கார் விழாக்களில் யாராவது ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினால் நாங்களும் போய்ச் சுற்றிவந்து பார்ப்போம். பார்த்துவிட்டு, பக்கத்தில் எங்காவது ஒரு நாலு கதவு ஹெரால்டு நிற்கிறதா என்று தேடுவோம். நின்றால் அதன் பின்கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்போம்.